சிவப்பு இறாலும் ஏனாம் பட்டியலும்

இளையபெருமாள் முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் கையை விட்டிருந்தபோதுதான் போன் அடித்தது.

வலது கையில் இடுக்கி. இடுக்கியின் நுனியில் செத்த இறால் ஒன்று, வெந்ததுபோல வெளிறிப்போய். சட்டைக் கையைச் சுருட்ட நேரமில்லாமல் அது நனைந்து தொங்கியது. மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த போனில் அதிகாரி சிவக்குமாரின் முகம். வீடியோ கால். எடுக்காமல் இருக்க முடியாது. செத்ததைச் சட்டைப் பையில் போட்டான். ஈரக் கையை பேண்டில் துடைத்தான். பச்சைப் பட்டனைத் தேய்த்தான்.

"பெருமாள், என்ன, ஓடி வந்தமாதிரி மூச்சு வாங்குது?"

"இப்பதான் சார் கதவத் தொறந்தேன்."

"எங்க, மகாராணியக் காட்டுங்க."

மகாராணி என்பது வயிற்றில் முட்டை சுமந்திருந்த பெண் இறால். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. இளையபெருமாள் போனைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுபோனான். அருகில் காட்டினால் மற்ற இடம் தெரியாது. இந்தத் தந்திரத்தை அவன் திங்கட்கிழமையே கற்றுக்கொண்டுவிட்டான். பாசி ஒட்டிய கட்டையின் இடுக்கில் மகாராணி உயிரோடுதான் இருந்தாள். வாலுக்கடியில் மஞ்சள் மஞ்சளாக முட்டைகள். ஆனால் நேற்றுப்போல அவற்றை விசிறிக்கொண்டிருக்கவில்லை.

"ஏன் டல்லா இருக்கா?"

"வெளிச்சம் பத்தல சார்."

"ம்... சரி. நாளைக்கு மதியம் வந்துடுவேன். வந்ததும் அந்த ஏனாம் ஃபைலப் பாத்துடணும். பொறுப்பானவங்கள இங்கயே வச்சுக்கலாம்னு எனக்கு ஒரு நெனப்பு இருக்கு. பாப்போம்."

திரை இருண்டது. இளையபெருமாள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

இருபத்து நாலு இறால்களை ஒப்படைத்துவிட்டுத்தான் அதிகாரி புதுச்சேரிக்குப் பயிற்சிக்குப் போனார். இப்போது பதினொன்று. ஒன்பது நாளில் பதின்மூன்று சாவு.

தொட்டியும் புதிது. அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸில் அவர் அதை அமைத்து, கிளம்பும்போது ஒரு வாரம்கூட முழுசாக ஆகியிருக்கவில்லை. புதுத் தொட்டி பழகுவதற்கு ஒரு மாதமாவது ஆகும், அவசரப்பட்டு இறாலை விட்டுவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னார். குவார்ட்டர்ஸ் போர் தண்ணீர் கடலுக்குப் பக்கம், வாயில் வைத்தால் கரிக்கும். அதனால் வெளியிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து, ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, தினம் இரண்டு லிட்டர் மாற்ற வேண்டும். இளையபெருமாள் ஒரு சொல் பிசகாமல் செய்தான். முதல் நாள் ஓர் இறால் சட்டைபோல மேலோட்டைக் கழற்றிப் போட்டதைச் செத்துப்போனதென்று நினைத்து, மற்றவற்றைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தான். பிறகு நிஜமாகவே சாக ஆரம்பித்தன.

ஏனாமுக்கு ஒரு கிளார்க் மாற்றலாகிப் போயாக வேண்டும். பட்டியலில் இரண்டே பேர். இளையபெருமாள், இல்லாவிட்டால் நெல்சன். ஏனாமும் புதுச்சேரி அரசுதான், ஆனால் ஆந்திரக் கடற்கரையில், எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால். தூரம்கூடப் பெரிசில்லை. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு மனைவி முத்தமிழை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். கோட்டுச்சேரியிலிருந்து ஸ்கூட்டரில், அவள் தோளில் சாய்ந்துகொள்ள, பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டும் அந்தப் பதினைந்து நிமிடத்தை வேறு யாரிடம் ஒப்படைப்பது? அவர்களுக்குப் பிள்ளையில்லை. அவள் அண்ணன் வரிச்சிக்குடியில் இருக்கிறான், குடித்துக்கொண்டு.

பையில் கிடந்த இறால் சட்டையில் ஈரமாக ஒட்டியது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரும் தீப்பெட்டியில் செத்த இறாலுமாக பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கமாலுதீனின் மீன் கடைக்குப் போனான். கமாலுதீன் தீப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னா சார், பிரேத பரிசோதனையா?"

"பாய், சிரிக்காதீங்க. எனக்கு உசுரு போவுது."

கமாலுதீன் சிரிப்பை நிறுத்தினார். கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றி, சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். லேசாகப் பச்சை.

"அமோனியா கொஞ்சம் இருக்கு. புதுத் தொட்டின்னா இருக்கும்தான். ஆனா இவ்வளவு சாவுக்கு இது காணாது. மீன் கெடக்கா உள்ள?"

"ரெண்டு கப்பி இருக்கு. ஜோரா நீந்துது."

"நத்தை?"

"செடியோட வந்தது நாலஞ்சு இருந்துச்சு. அதுதான் மொதல்ல செத்துச்சு பாய். கண்ணாடியிலேருந்து பொத்துப் பொத்துனு விழுந்துச்சு."

கமாலுதீனின் கை அந்தரத்தில் நின்றது.

"அப்ப செம்பு."

"என்னது?"

"செம்பு சார், செம்பு. மீனு தாங்கும். எறாவும் நத்தையும் தாங்காது. பழைய செப்புக் காசு ஒண்ணு, கரண்டு கம்பி ஒரு துண்டு உள்ள விழுந்தாக்கூடப் போதும். தண்ணியில எறங்கிக் கொஞ்சங்கொஞ்சமா முடிச்சுடும்."

"தானா விழுமா?"

"தானாவும் விழும். போட்டாலும் விழும்."

கடைக்குள் இருந்த அத்தனை மோட்டார்களும் ஒரே நேரத்தில் கொப்பளிப்பதுபோல இளையபெருமாளின் காது இரைந்தது. நெல்சனின் அப்பா மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவர். பள்ளிக்கூட நாளிலிருந்தே நெல்சன் அந்தக் கடையில் உட்கார்ந்தவன். இன்றைக்கும் அவன் பையைக் கவிழ்த்தால் ஒரு துண்டு செப்புக் கம்பியாவது விழும்.

"இப்ப என்ன பாய் பண்றது?"

"உள்ள என்ன கெடக்குனு தேடி எடுங்க. பாதித் தண்ணிய எறக்கிட்டு நல்ல தண்ணி ஊத்துங்க. தண்ணி எங்கேருந்து கொண்டாறீங்க?"

"வீட்டுலேருந்து. கோட்டுச்சேரி பைப்புத் தண்ணி. ஒரு நாள் வச்சுத்தான் எடுத்தாறேன். ஆபீசரோட மகாராணி முட்டையோட இருக்கா, அவ பொழைக்கணும் பாய்."

"அதுக்கு மேல என்ன வேணும்? அதயே நெறைய கொண்டாங்க. மகாராணி பொழச்சாள்னா குஞ்சு பொரிக்கும். அப்பறம் உங்க ஆபீசரு எண்ணவே மாட்டாரு."

குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி, கூழாங்கல்லை விரலால் துழாவித் துழாவிப் பார்த்தான். கட்டையைத் தூக்கிப் பார்த்தான். செடியின் வேரைப் பிரித்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம். அந்தக் கலங்கலுக்குள் இன்னோர் இறால் மல்லாந்து, கால்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தது.

வேலை முடிந்தபின் நெல்சனே எடுத்துப் போயிருப்பான். வேறென்ன?

அலுவலகத்துக்குள் வேகமாக நடந்தான். குவார்ட்டர்ஸின் இன்னொரு சாவி பொதுவான மேசை டிராயரில் கிடக்கும். இழுத்துப் பார்த்தான். இல்லை. நெல்சன் எதிரில் உட்கார்ந்து ஃபைலுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான்.

"சாவி எங்கடா?"

நெல்சன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"எதுக்கு வச்சிருக்க?"

"சும்மாதாண்ணே..."

"சும்மாவா? எதப் போட்ட உள்ள? காசா, கம்பியா? அப்பன் கடையிலேருந்து கொண்டாந்தியா?" தன் குரல் இவ்வளவு பெரிசாக இருக்குமென்று அவனுக்கே தெரியாது. அறையில் கீபோர்டுச் சத்தம் நின்றுவிட்டது. "ஏனாமுக்கு நான் போவணும், நீ இங்க பொண்டாட்டி புள்ளையோட மீன் கொழம்பு சாப்புடணும். அதானே?"

நெல்சனின் காது மடல்கள் சிவந்தன. எழுந்து நின்றான். அடிக்கப்போகிறான் என்று நினைத்து இளையபெருமாள் கையை இறுக்கிக்கொண்டான்.

"நீங்க அண்ணிய டயாலிசிஸ்லேருந்து வீட்டுல கொண்டுபோயி விட்டுட்டு வர்ற நாளுல பன்னெண்டு மணியாவுது," என்றான் நெல்சன் மெதுவாக. "இங்க பதினோரு மணிக்குக் கரண்டு போவுது. காத்து மோட்டாரு நின்னுடும். நேத்து புதன்கெழம முக்கா மணி நேரம் நின்னு கெடந்துச்சு. டம்ளரால தண்ணிய மொண்டு மொண்டு உசரத்துலேருந்து ஊத்திக்கிட்டு நின்னேன், காத்து எறங்கட்டும்னு. கை விட்டுப்போச்சு."

"என்னயக் காப்பாத்துனா நீ ஏனாம் போவணும். அதுக்கா மொண்டு மொண்டு ஊத்துன?"

"ஆமாண்ணே. கிறுக்கன்தான் நான்." நெல்சன் சாவியை அவன் பக்கம் தள்ளினான். "இனிமே போகல. வச்சுக்குங்க."

நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் முடியவில்லை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து முத்தமிழுக்குப் போன் செய்தான்.

"முத்து, நாளைக்கு ரெண்டு லிட்டர் காணாது. இருவது லிட்டராவது வேணும். இப்பவே புடிச்சு வச்சுடு."

"எறாவுக்குக் கல்யாணமா?" என்று சிரித்தாள் அவள். "வச்சுடறேன். நீங்க எதாச்சும் சாப்புட்டீங்களா?"

சாயங்காலம் தொட்டியில் எட்டுதான் இருந்தது. மகாராணி கட்டையிலிருந்து இறங்கித் தரையில் நின்றாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே அவன் ஒரு கணக்குப் போட்டிருந்தான். ஆறரைக்குக் கிளம்பி முத்தமிழை மருத்துவமனையில் விடுவது. அவள் ரத்தம் எந்திரத்துக்குள் போய்வந்துகொண்டிருக்கும் நாலு மணி நேரத்தில் குவார்ட்டர்ஸுக்கு ஓடித் தண்ணீரை மாற்றுவது. பதினொன்றரைக்கு அவளை அழைத்துக்கொள்வது. அதிகாரி ஒரு மணிக்கு வருவார். எட்டில் குறைந்தது ஏழு உயிரோடு நிற்க வேண்டும். மகாராணி நின்றே ஆக வேண்டும்.

தினமும் அவன் குளித்துவிட்டு வருவதற்குள் தண்ணீர் நிறைந்த கேன் ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் தயாராக இருக்கும். இன்று இல்லை.

"என்னங்க, உள்ள வாங்க," என்று அடுப்படியிலிருந்து முத்தமிழ் கூப்பிட்டாள். "இன்னிக்குக் கனம் ஜாஸ்தி. இந்தக் கைய வச்சுக்கிட்டு என்னால தூக்க முடியாது."

டயாலிசிஸ் ஊசி ஏறும் இடது கையில் அவள் எதையும் தூக்கக் கூடாது. இத்தனை நாள் ஒற்றைக் கையாலேயே கேனை நிரப்பியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஜன்னலோரம் அவள் குடிக்கும் டம்ளர் இருந்தது, ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டது. ஒரு நாளைக்கு அந்தக் கோடுவரை நாலு தடவை, அவ்வளவுதான் அவளுக்கு அனுமதி.

டம்ளருக்குக் கீழே தரையில் எதுவோ எரிவதுபோலத் தெரிந்தது. காலை வெயில் என்று நினைத்தான்.

வெயில் இல்லை. இரண்டு செப்புக் குடங்கள். புளியின் வாசனை இன்னும் போகவில்லை. கழுத்திலிருந்து அடிவரை ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லாமல் நெருப்புத் துண்டுபோல மின்னின. ஒன்றின் வயிற்றில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது: அவள் பெயர், கல்யாணத் தேதி. இன்னொன்றில் பக்கத்து வீட்டு எழில்மதியின் பெயர்.

"ஒண்ணு பத்தலன்னு எழில்மதிகிட்ட வாங்கியாந்தேன்," என்றாள் முத்தமிழ். வலது கையால் குடத்தின் கழுத்தைப் பிடித்து, இடுப்பால் அண்டை கொடுத்து, கேனை நோக்கிச் சாய்த்தாள்.

அவன் கை தானாகப் போய்க் கேனின் வாயை மூடியது. தண்ணீர் அவன் புறங்கையில் விழுந்து தெறித்தது.

"அய்யோ, கைய எடுங்க. கொட்டுது பாருங்க!"

"முத்து..." கையை எடுக்காமலே கேட்டான். "இது பரண்மேல கெடந்த குடம்தானே? இத எப்ப எறக்குன?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். முகம் முழுக்க ஒரு வெட்கமான பெருமை.

"நீங்க மொத மொதல்ல தண்ணி கேட்ட அன்னிக்கே எறக்கிட்டேன். ஆபீசர் வீட்டு எறாவுக்கு பிளாஸ்டிக் பக்கெட்டுலயா வைப்பாங்க? தெனமும் புளி போட்டு வெளக்கி, ராத்திரி முழுக்க இதுலதான் வச்சிருந்தேன். எனக்குத்தான் அளந்து குடிக்கணும்னு இருக்கு. அதுங்களாச்சும் நல்ல தண்ணியில கெடக்கட்டுமேன்னு..."

குடம் இன்னும் சாய்ந்தேதான் இருந்தது. அவன் விரல்களுக்கு மேலாக வழிந்த தண்ணீர் அடுப்படித் தரையில் பரவி, அவள் பாதங்களைத் தொட்டு, வாசல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.