சிவப்புப் பெட்டியின் மேல்

டென்மார்க்கின் ஆல்போர்க் நகரில் ஒரு சிறு நிறுவனத்தில், மருத்துவமனைத் திரைகளுக்கு மென்பொருள் எழுதிவந்தான் அஸ்கர். திரையில் திறக்கும் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது எது மேலே, எது அடியில் என்று முடிவு செய்வது அவன் வேலை.

குறிப்பெழுதும் பெட்டி அடிக்கடி பின்னால் போய் ஒளிந்துகொள்வதாக நர்ஸுகள் புகார் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை, வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். அந்தப் பெட்டியை எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைத்தான். ஒரே வரி மாற்றம்தான். அலுவலகத்தின் பெரிய திரையில் சரியாகவே தெரிந்தது.

வார்டில் இருந்ததோ சின்னத் திரை. நோயாளிக்கு மூச்சுத் திணறினால் எழும் சிவப்பு எச்சரிக்கையை அந்தப் பெட்டி முழுசாக மூடிவிட்டது. மதிய ஓய்வு நேரம் என்பதால் ஒலியையும் குறைத்திருந்தார்கள். சிசெல் என்ற நர்ஸ் வேறொரு நோயாளியைப் பற்றிக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பதினொரு நிமிடத்தில், ஐனர் என்ற முதியவர் இறந்துபோனார். சிசெலை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

இரண்டாவது வாரமே அஸ்கர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான். முதலாளி மெரெட்டாவிடம் ஓடினான்.

"நர்ஸ் அசந்துட்டாங்கன்னு ஆஸ்பத்திரியே எழுதிடுச்சு. நீ ஏன் குட்டையக் குழப்புற?" என்றாள் அவள்.

"பெட்டிய மேல வச்சது நான், மெரெட்டா."

"இங்க ஒன்பது பேர் இருக்கோம். எல்லார் வயித்துலயும் அடிக்காத."

அவன் வாயை மூடிக்கொண்டான். சத்தமில்லாமல் பெட்டிகளின் வரிசையை மாற்றி எழுதினான். சிசெலின் உரிமத்தைப் பறிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் மருத்துவமனையின் விசாரணைக் குழு முன்னால் போய் நின்றான்.

ஒரு சின்னத் திரையில் மென்பொருளின் பழைய வடிவத்தைத் திறந்து, குறிப்புப் பெட்டியை மெல்ல ஓரமாக நகர்த்தினான். அடியில் சிவப்பு மின்னிக்கொண்டிருந்தது. ஐனரின் மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

விசாரணை முடிந்ததும் நடைவழியில் சிசெல் அவனை வழிமறித்தாள்.

"நான்தான் கொன்னேன்னு பதினொரு வாரமா நெனச்சிட்டிருந்தேன். உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது வாரம்."

"மிச்ச ஒன்பது வாரம்?"

அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

கோடைக்குள் நிறுவனம் மூடப்பட்டது. சிசெலின் மேல் குற்றமில்லை என்று கடிதம் வந்தது. ஆனாலும் அவள் வார்டுக்குத் திரும்பவில்லை. அஸ்கர் அவளுக்கு மூன்று கடிதங்கள் எழுதினான். மூன்றும் பிரிக்கப்படாமலேயே திரும்பி வந்தன.