அபொண்டியின் நெஞ்சுக்காற்று

எங்கள் ஏரி நடுவேயுள்ள ரூசிங்கா தீவில் அபொண்டியின் நெஞ்சிலிருந்து காற்று வீச ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று ஒமேனாப் பொடிமீன் வாளி இருநூறு ஷில்லிங். சிறுவயதுத் தொண்டைக்காய்ச்சல் அவளுடைய இதய வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. கரையிலிருந்து வீட்டுக்கு ஏறுவதற்குள் நாலு இடத்தில் உட்காருவாள். நகரத்து டாக்டர் வெக்கேசா தொடை ரத்தக்குழாய் வழியாக உள்ளே போய், இதயத்தின் நடுச்சுவரில் துளையிட்டுக் கடந்து, பலூனை ஊதி வால்வை விரித்தார். மூச்சு வந்தது. துளை ஆறு மாதத்தில் தானே மூடிக்கொள்ளும். அபூர்வமாகச் சிலருக்கு மூடாது. அபொண்டிக்கு மூடவில்லை. அதன் வழியே வீசிய காற்றில், உகாலிக் களி கிண்டும்போது அடுப்பு அணைந்தது, துணிகள் கூரையேறின.

"சின்னக் குடை மாதிரி ஒண்ணு வெச்சு அடைச்சிடலாம்மா. காத்தும் நின்னுடும்," என்றார் டாக்டர்.

"அடைக்கலைன்னா செத்துப்போவேனா?"

"இப்போதைக்கு இல்ல. ஓட்டை பெருசானா இதயம் வீங்கும். வருஷா வருஷம் வந்து காட்டணும்."

"அப்ப இருக்கட்டும். முப்பது வருஷம் காத்துக்கு அலைஞ்சேன். இப்பத்தான் அது என்னைத் தேடி வந்திருக்கு."

உயிரைப் பணயம் வைத்தது வீம்புக்கல்ல. எங்கள் கரையில் பெண்கள் படகில் கால் வைப்பதில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று மீனுக்குக் கையேந்துவார்கள். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டுத்தான் சில ஆண்கள் மீன் போடுவார்கள், வெட்கங்கெட்டவர்கள். அபொண்டி பட்டினி கிடந்தாளே தவிர இணங்கவில்லை. அவளுக்குப் படகில் ஓர் இடம் வேண்டும்.

அந்த மார்ச்சில் ஏரியில் பதினோரு நாள் காற்றே இல்லை. மாவுச்சாக்கில் தைத்த படகுப் பாய்கள் துவண்டு தொங்கின. படகுக்காரன் ஒபுயா அவளிடம் வந்தான்.

"தங்கச்சி, கரையில நின்னு கொஞ்சம் ஊதி விடேன்."

"நான் என்ன உன் வீட்டு ஊதுகுழலா? சுக்கான் பக்கம் எனக்கு எடம் குடு, வர்றேன்."

"பொம்பள கால் வெச்ச படகுல மீன் ஏறாதுடி!"

"ஆமா, இந்தப் பதினோரு நாளா ஏறிக் குதிச்சுதாக்கும்!"

கரையே சிரித்தது. ஒபுயா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நகர்ந்து இடம் விட்டான். அவள் ஏறி, பாய்க்கு எதிரே உட்கார்ந்து மேல்துணியைத் தளர்த்தினாள். மாலையில் விளிம்புவரை மீனோடு திரும்பினார்கள். தன் பங்கை அவள் யாரையும் கேட்காமல் அள்ளிக்கொண்டாள்.

ஒன்பது வருடங்களாகின்றன. துளை பெரிதாகவுமில்லை, மூடவுமில்லை. அவள் வரும் நாளில் டாக்டர் மேசைக் காகிதங்கள்மேல் கல் வைத்துவிடுகிறார். அவள் இல்லாமல் இங்கே அன்று படகு போகாது, வலை பின்னும் நாள். போன மாதம் புதிதாக வந்த ஒருவன் அவளுக்குக் காத்திராமல் படகைத் தள்ளினான். ஒபுயா அவன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"எறங்குடா! பொம்பள கால் படாத படகுல எங்கயாவது மீன் ஏறுமாடா?"

அபொண்டி வந்து ஏறும்வரை படகு கரையிலேயே நின்றது.