தேடி முடிக்கும் வரை

1.
கணினியின் ஆமைவேகத்தைக் கிண்டலடித்து ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். விவரம் கேட்க ஒருத்தியிடம் போனேன். நோயாளிக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் வாடகைக்கு விடும் நிறுவனத்தில், தலைமை அலுவலகத் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறவள். பொறுமையாக விளக்கிவிட்டுக் கடைசியில், "அத நான் சரி பண்ணியிருக்கவே கூடாது" என்றாள். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2.
முதல் தொடக்கம்: "கிளை அலுவலகத்தின் சன்னலில் இளவெயில் மெல்ல" — வேண்டாம். அந்தச் சன்னலை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது: அவளுக்கும் அவள் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இது நிற்கும். அம்மாவின் கடைசி நாட்களில், தங்கை பதறுவாளே என்று அண்ணன் தகவல் சொல்லாமல் விட்டான். அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "இனிமே என்கிட்ட பேசாத" என்றாள். அவனும் பேசவில்லை. ஆனால் இருவருக்கும் ஒரே நிறுவனம். அவளை அங்கே சேர்த்துவிட்டதே அவன்தான். வெளியூர்க் கிளை அவன் பொறுப்பில் இருந்தது.

3.
அந்தத் தரவுத்தளம் ஒரே அறையில் இருக்கும் சிலருக்காக அவள் எழுதியது. அறைக்குள் பறந்தது. பிறகு நிர்வாகம் வெளியூர்க் கிளையையும் அதே கோப்பில் இணைத்தது. ஒரு பெயரைத் தேட, அலமாரி மொத்தத்தையும் லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்பி, அங்கே திறந்து பார்ப்பது போல ஆயிற்று.

[இதை அவளிடம் படித்துக் காட்டினேன். "மொத்த அலமாரியும் எப்பவும் போகாது. சில நேரம் ரெண்டு தட்டுதான்" என்றாள். நான் திருத்தவில்லை.]

திரை நின்றால் கிளையிலிருந்து அண்ணன் கூப்பிட்டாக வேண்டும்.

"மேடம், அப்படியே நிக்குது."

"மூடிடாதீங்க சார். வரும்."

அண்ணன் தங்கை பேசிக்கொண்ட லட்சணம் இது. நடுவில் மூடினால் கோப்பே கெட்டுவிடலாம். அதனால் தேடி முடிக்கும் வரை இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். எத்தனை நாள்தான் சும்மா இருப்பது? ஒருநாள் அவன், "அங்க மழையா?" என்றான். இன்னொரு நாள், "முதுகுவலி எப்படி இருக்கு?" மேடம் தானாகக் கழன்று பாப்பா ஆனாள்.

பிறகு அவனாகவே அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். என்ன சாப்பிட்டாள், யாரைக் கேட்டாள், எப்போது சிரித்தாள். ஒவ்வொரு தேடலுக்கும் கொஞ்சம்.

"அன்னைக்குக் காலைல அம்மா உன்னப் பத்தி ஒண்ணு சொன்னாங்க பாப்பா... இரு, வந்துடுச்சு. வெக்கிறேன்."

4.
(இங்கே ஒரு வில்லன் இருந்தால் எனக்கு வசதி. இல்லை.)

மறுநாள் ஒரு பெண், மூச்சுத்திணறும் கணவனுக்குச் சிலிண்டர் கேட்டு வந்தாள். கிடங்கில் இருக்கிறதா என்று திரை சொல்வதற்குள் வேறு இடம் தேடி ஓடிவிட்டாள். அண்ணன் உடனே கூப்பிட்டான்: "எதாவது பண்ணு பாப்பா. இப்படி ஆளுங்கள நிக்க வெக்க முடியாது."

அவள் பண்ணினாள். தரவை ஒரு நல்ல சர்வருக்கு மாற்றினாள். இனிக் கேள்வி மட்டும் போகும், பதில் மட்டும் திரும்பும். அலமாரி அசையாது.

போன் நின்றுபோகும் என்று தோன்றவில்லையா என்று கேட்டேன்.

"தோணுச்சு. அதுக்காக?"

5.
பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு மதியம் அவளே கூப்பிட்டாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"பறக்குது பாப்பா! வேற ஒண்ணுமில்லையே? ஆளுங்க நிக்கிறாங்க, வெச்சிடவா?"

"ம்."

நீங்கள் நினைப்பதை நானும் கேட்டேன்: அம்மா என்ன சொன்னாள் என்று நேராகக் கேட்டுவிடலாமே?

"கேட்டா சொல்லிடுவான். வேலைக்கு நடுவுல, ரெண்டே வார்த்தைல. அப்படி எனக்கு வேணாம்."

6.
முடிவு ஒன்று: கிளைக்கு மட்டும் வேகத்தை அவள் ரகசியமாகக் குறைக்கிறாள். அடித்துவிட்டேன். செய்ய மாட்டாள்.

முடிவு இரண்டு: ஒரு விடுமுறை நாளில் அண்ணன் கூப்பிடுகிறான். "பாப்பா, அன்னைக்குப் பாதில விட்டேனே, அம்மா உன்னப் பத்தி"

இதற்குமேல் பலமுறை எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் என் அம்மா பேசுவதுபோலவே வருகிறது. அது அவளுக்குப் போதாது. அந்த வரியை உங்களிடம் விடுகிறேன். உங்களாலும் முடியாமல் போகலாம்.

நேற்று விசாரித்தேன். கிளையில் எல்லாம் நன்றாக ஓடுகிறதாம்.