வெயிலில் வைத்த வளையம்

சனிக்கிழமை காலையில் ஏ.சி. மெக்கானிக் மூன்றாவது மாடி வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருக்க, கண்ணாடிக்காரர் உள்ளேயிருந்து அவன் மகளுடைய பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வந்தார். முதலில் பந்து, அதற்கென்றே தைத்த மெத்தென்ற பையில். பிறகு ஆட்டத்துக்கான இரண்டு கட்டைகள், ஒன்றோடொன்று உரசாமல் இருக்கத் தனித்தனியாகப் பழைய காலுறைகளுக்குள். ரிப்பன், ஒரு சுருக்கம் கூட இல்லாமல் தேய்த்துச் சுருட்டியது. கடைசியில் வளையம். வட்டமான உறைக்குள் இருந்த அதை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பிறந்த குழந்தையைக்கூட அவ்வளவு பத்திரமாக யாரும் கொண்டுவந்து கொடுத்ததில்லை என்று மெக்கானிக்குக்குக் கடுப்பாக இருந்தது.

"சார், இதை மட்டும் படுக்க வச்சே கொண்டு போங்க. சாய்ச்சு வச்சா ஷேப் போயிடும். வெயில் ஆகவே ஆகாது. வண்டிக்குள்ள விட்டுட்டு மட்டும் போயிடாதீங்க."

"தெரியும்."

"இல்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை போட்டி. அதான்…"

"தெரியும்னு சொன்னேன்ல?"

தெரியாது. போட்டி அடுத்த ஞாயிறு என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியும். மகள் இசைக்கு ஏற்ப வளையமும் பந்தும் வைத்து ஆடுகிற ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொள்கிறாள் என்பது தெரியும். அதற்கு மேல் அவன் கேட்டதில்லை. அந்த ஆட்டமே அந்த வீட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்கி வைத்திருந்தான்.

அவனுடைய மனைவியாக இருந்தவள் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் இவரைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. சனி, ஞாயிறு மகள் அவனோடு. அந்த ஆளிடம் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை என்பதுதான் அவனுக்குப் பெரிய குறை. திட்டுகிறவனைத் திருப்பித் திட்டலாம். வார்த்தைக்கு வார்த்தை 'சார்' போடுகிறவனை என்ன செய்ய? மாதம் ஒருமுறையாவது அந்தச் சட்டையைப் பிடித்து உலுக்குவதாக அவன் கனவு கண்டான். கனவிலும் அந்த மனிதர், "பட்டன் பாத்து சார்" என்றார்.

அவனுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. பதின்மூன்று வயதுப் பெண் கண்ணாடிக்காரரை 'அங்கிள், நீங்க' என்பாள். அவனை 'நீ' என்பாள். "நீ ஏன்ப்பா ஷேவ் பண்ணல?" "நீ போட்ட டீ நல்லாவே இல்ல." அந்த 'நீ'யை வாரம் முழுக்க வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருப்பான்.

வண்டியில் பாதி தூரம் வந்திருப்பார்கள், போன் வந்தது. பல் மருத்துவர் ஒருவருடைய கிளினிக்கில் ஏ.சி. ஒழுகுகிறது, நாற்காலியில் படுத்திருக்கிறவர் முகத்தில் சொட்டுகிறது, உடனே வா என்றார்கள். அவன் வண்டியைத் திருப்பினான்.

கிளினிக் வாசலில் நிழலே இல்லை. ஏணியை உருவவிடாமல் வளையம் குறுக்கே கிடந்தது. படுக்க வைத்திருந்ததை எடுத்து, காஸ் சிலிண்டருக்கும் பழைய அவுட்டோர் யூனிட்டுக்கும் நடுவில் நிமிர்த்திச் செருகினான்.

"அப்பா, அதை உள்ள எடுத்துட்டு வந்துடவா? வெயில்…"

"பல் டாக்டர் கிளினிக்ல வளையத்தோட போய் உக்காருவியா? அரை மணி நேரம். வா."

உண்மையில் அவள் வாயிலிருந்து 'வெயில்' என்று வந்ததும் அவனுக்குக் கண்ணாடிக்காரரின் குரல்தான் கேட்டது. அதற்காகவே கதவை அழுத்திச் சாத்தினான். அது வளையத்தின் மேல் இருந்த கோபமில்லை.

அரை மணி நேரம் என்பது எந்த மெக்கானிக்கும் சொல்கிற வார்த்தை. வடிகால் குழாய் அடைப்பு எடுத்ததும் மோட்டார் மக்கர் செய்தது. மோட்டாரைப் பார்த்தால் வயரை எலி கடித்திருந்தது. வேலை முடிந்து வெளியே வந்தபோது மதியம் சாய்ந்துவிட்டது. வண்டியின் பின்கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது.

பெண்தான் உறையின் ஜிப்பைத் திறந்தாள். வளையத்தை எடுத்து நடைபாதையில் உருட்டிவிட்டாள். அது நேராக ஓடவில்லை. தூக்கித் தூக்கிப் போட்டு, நொண்டி நொண்டிப் போய், சுவரில் முட்டிப் படுத்தது. ஒரு பக்கம் முட்டைபோல நீண்டிருந்தது.

"இவ்ளோதானா? நான் சரி பண்ணித் தர்றேன். செம்புக் குழாயையே வளைக்கிறவன் நான். இது பிளாஸ்டிக்கு."

 வழியெல்லாம் அவள் பந்தை மடியில் வைத்து, துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே வந்தாள். பந்தின் தோலும் சூட்டில் பிசுபிசுத்திருந்தது.

அவன் குடியிருப்பது ஒரு அறையும் சமையலறையும். கட்டிலைச் சுவரோரம் தள்ளி, வளையத்தைத் தரையில் போட்டு, கொதிக்கும் வெந்நீரைத் துணியில் நனைத்து ஒற்றினான். கொஞ்சம் இளகியது. முழங்காலைக் கொடுத்து அழுத்தினான். இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் பிதுங்கியது. அந்தப் பக்கம் அழுத்தினால் சுற்றியிருந்த பளபளப்பு டேப் உரிந்து வந்தது.

"விடுப்பா. போதும்."

"இருடி."

"அங்கிள் இதைச் சுடுதண்ணில எல்லாம்…"

"அங்கிள், அங்கிள்! உங்க அங்கிளுக்குத்தான் எல்லாம் தெரியும். ரிப்பனுக்கு இஸ்திரி போட அவருக்குத் தெரியும். வளையத்துக்குச் சட்டை தைக்க அவருக்குத் தெரியும். கடையில ஈ ஓட்டுறவனுக்கு நேரத்துக்கென்ன குறைச்சல்! இந்த ஓட்டை வளையத்துக்கு இவ்ளோ ஆட்டமா?"

சொல்லிக்கொண்டே ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினான். 'சடக்'கென்று சத்தம் கேட்டது. வளையம் உடையவில்லை. மடிந்துவிட்டது. மடிந்த இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்துப் போயிற்று.

 சமையலறையில் அடுப்பின் மேல் தண்ணீர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. பெண் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவள் அழப்போகிறாள் என்று அவன் நினைத்தான்; அழுதால் சமாதானம் சொல்லிவிடலாம். அவள் அழவில்லை. முகம் சிவந்து, மூச்சு வாங்க அவனைப் பார்த்தாள்.

"இது அங்கிளோடது இல்ல. அம்மாவோடதும் இல்ல. என்னோட வளையம். உறை தைச்சதும் நான்தான், அங்கிள் ஊசி கோத்துக் குடுத்தார், அவ்ளோதான். வாரா வாரம் இத்தனையையும் தூக்கிட்டு மூணு மாடி இறங்கி எதுக்கு வர்றேன்? உங்க வீட்டுல ஆட இடம்கூடக் கிடையாது. ஒரு தடவையாவது, 'எங்க, ஆடிக் காட்டு'ன்னு நீங்க கேட்டிருக்கீங்களா?"

கேள்வி அவன் காதில் சரியாக விழவில்லை. 'உங்க', 'நீங்க', 'கேட்டிருக்கீங்களா'. மூன்றும்தான் விழுந்தன. கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் சாயங்காலம் அவளைக் கொண்டுபோய் விடும்போது ஒரு சண்டைக்குத் தயாராகவே மாடி ஏறினான். 'ஆமாம், நான்தான் கெடுத்தேன், இப்போ என்ன?' என்று படிக்குப் படி ஒத்திகை பார்த்தான். கதவைத் திறந்தவள் அவனுடைய பழைய மனைவி. உறைக்குள் இருந்த வளையத்தின் கோணலைப் பார்த்த மாத்திரத்தில் அவள் முகம் மாறியது.

"என்னாச்சு இதுக்கு?"

"நான்தான்ம்மா வண்டியில மறந்து வச்சுட்டேன்," என்றாள் பெண். யார் முகத்தையும் பார்க்காமல், சட்டென்று.

மெக்கானிக்குக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவனை யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை. அதுவும் இந்த வாசலில், இவர்கள் முன்னால். "பொய் சொல்றா. வெயில்ல வச்சது நான். மடிச்சதும் நான்."

"நெனச்சேன்," என்றாள் பழைய மனைவி. "உங்க கைக்கு எது வந்தாலும் இப்படித்தான். ஒரு பொருள், ஒரு மனுஷி, எதுவா இருந்தாலும் அழுத்தி அழுத்தியே…"

"அம்மா, போதும்."

உள்ளேயிருந்து கண்ணாடிக்காரர் வந்தார். வளையத்தை வாங்கி, மடிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "பரவால்ல சார். போன வருஷம் நான்கூட ஒண்ணை சுவத்து ஆணியில மாட்டிக் கெடுத்தேன். பழைய வளையம் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் கனம். சமாளிச்சுக்குவா."

"எனக்குப் பரவால்ல சொல்ல நீ யாருய்யா?"

அவன் கத்தியது படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. கண்ணாடிக்காரர் முதல் தடவையாக 'சார்' போடாமல் பேசினார். "இது இவ படிக்கிற வீடு. சத்தம் வேணாம். கிளம்புங்க." குரலை உயர்த்தவில்லை. ஆனால் வளையத்தைப் பிடித்திருந்த கை நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பார்த்தபோது மெக்கானிக்குக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது. படி இறங்கும்போது அந்தத் திருப்தியே அருவருப்பாகிவிட்டது. பெண் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை.

அந்த வாரம் யாரிடமும் அவன் நன்றாகப் பேசவில்லை. வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்தான். ஒரு கடையில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான். வண்டியைத் திறக்கும்போதெல்லாம் காஸ் சிலிண்டர் அவனைப் பார்த்து இளிப்பதுபோல் இருந்தது. வியாழக்கிழமை அதை இறக்கி வீட்டில் போட்டான். அவுட்டோர் யூனிட்டைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளினான். வண்டியின் பின்பக்கத்தில் வளையம் படுக்கிற அகலத்துக்கு ஒரு பலகை அடித்து, குழாய்களுக்குச் சுற்றுகிற கறுப்பு நுரை ஷீட்டை அதன்மேல் ஒட்டினான். மேலே வெயில் தாங்கும் வெள்ளி நிறத் தகடு. யார்மேல் உள்ள கோபத்தில் அதையெல்லாம் செய்கிறான் என்று அவனுக்கே பிடிபடவில்லை. ஆணியை மட்டும் தேவைக்கு மேல் ஓங்கி அடித்தான்.

சனிக்கிழமை அவன் மாடி ஏறவில்லை. கீழேயே வண்டியோடு நின்றான். பெண் இறங்கி வந்தாள். தோளில் ஒரு பள்ளிக்கூடப் பை. அவ்வளவுதான்.

"எங்க, உன் சாமானெல்லாம்?"

"கொண்டு வரல."

"நாளைக்குப் போட்டி இல்ல?"

"காலையில அம்மா நேரா அங்க எடுத்துட்டு வருவாங்க."

அவன் பல்லைக் கடித்தான். கேட்டுவிடலாம், 'நானும் வரவா?' என்ற இரண்டே வார்த்தை. அவன் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் பின்கதவைப் படாரென்று திறந்தான். ஏன் திறந்தான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவள் பையை இறக்காமலே கிட்டே வந்தாள். பலகையைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை. கறுப்பு நுரையின் நடுவில் பெருவிரலை வைத்து ஆழமாக அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. அது உடனே நிமிரவில்லை. இரண்டு பேரும் வெயிலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.