வேகாத தோல்

தமிழனுடைய தோல் வெயிலில் வேகாது. இந்த உண்மையை உலகுக்கு முதன்முதலாக எடுத்துச் சொன்னவன் நான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு, ஆவணி மாதம். எனக்கு வயது பத்தொன்பது. கண்டிக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு, அப்பா கடை வைத்திருந்த பதுளைக்கு வந்திருந்தேன். வறண்ட கச்சான் காற்று அடித்துக் கடைவீதி முழுக்கத் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. வாசகசாலையில் என் சொற்பொழிவுக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். பத்தொன்பது பேர் விசிறிக்கொண்டே கேட்டார்கள். அதை நான் மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"துரைமார் ஏன் தக்கைத் தொப்பி போடுகிறார்கள்? சூரியனுக்கு அவர்கள் அந்நியர்கள், கண்டால் குரைக்கும். நாம் வீட்டுக்காரர்கள், நம்மைக் கண்டால் வாலாட்டும்" என்றேன். குடை விரித்துக் கோயிலுக்குப் போய்வந்து, பாசிப்பயறு மாவில் தயிர் குழைத்து முகத்தில் பூசிக்கொள்ளும் என் அக்கா பரிமளத்தை, பெயர் சொல்லாமல், எல்லாருக்கும் தெரியும்படி வர்ணித்தேன். பிறகு தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு வந்தேன். நனைத்த துணியைத் தலையில் போட்டு மோவாய்க்குக் கீழே முடிந்துகொள்ளும் அவர்களை, "சூரிய குலத்தில் பிறந்தும் மூட்டைக்குள் ஒளிகிறவர்கள்" என்றேன். அங்கேதான் சிரிப்பு நெடுநேரம் நின்றது. சபையில் தோட்டத்து ஆள் ஒருவரும் இல்லை.

கடைசியில், விசிறிக்கொண்டிருந்தவர்களைக் குத்துவதற்காக, "கடை நிழலில் வளர்கிற தமிழனுக்கு மட்டும் இந்தச் சிறப்பு மங்கிவிடும்" என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

கைதட்டலின் சூட்டோடு அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். துரைமார் படிக்கிற பத்திரிகை. துரைமாரைக் கேலி செய்வதுதான் என் நோக்கம். எழுத்தில் சிரிப்பு தெரியக்கூடாது, தெரிந்தால் அது மட்டமான எழுத்து என்று கல்லூரியில் நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். என் கட்டுரையில் ஓரிடத்தில்கூடச் சிரிப்பு தெரியவில்லை. சிதம்பரநாதன் என்ற முழுப்பெயரோடும் எங்கள் கடை முகவரியோடும் அது அச்சில் வந்தது.

பத்து நாளில் ஹாலிஎலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து அப்பாவுக்குக் கடிதம் வந்தது. படித்த உங்கள் மகனைப் பார்க்க விரும்புகிறேன், அனுப்பிவையுங்கள் என்று. எங்கள் கடையின் பெயரைத் துரை ஒருவர் தன் கையால் எழுதியது அதுவே முதல் தடவை. அப்பா கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டலாமா என்று யோசித்தார்.

கிளம்பும்போது பரிமளம் அக்கா குடையை நீட்டினாள்.

"அக்கா, நான் எழுதினதை நீ படிக்கல?"

"படிச்சேன். அதனாலதான் குடுக்கிறேன்."

கொள்கைக்காரன் குடை பிடிக்கலாமா? வெறுந்தலையோடு நடந்தேன். ஏற்றத்தில் பாதி தூரம் போனபோதே சூரியன் வாலாட்டவில்லை என்பது லேசாகத் தெரிந்தது.

துரை எனக்கு நாற்காலி போட்டார். பங்களா வராந்தாவில் தமிழன் ஒருவனுக்கு நாற்காலி கிடைப்பது என்ன என்பதை அந்தக் காலத்து ஆட்களிடம் கேட்டால்தான் தெரியும். தேநீரும் வந்தது. துரை ஒரு பெரிய நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அதில் என் கட்டுரை பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது.

"இதைத்தான் நான் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறேன்" என்றார் ஆங்கிலத்தில். "எனக்கு முன்னால் இருந்தவர் இளகிய மனசுக்காரர். கச்சான் மாதங்களில் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை பெண்களை நிழலில் உட்கார விட்டிருந்தார். தோல் வெந்துபோகுமாம்! படித்த தமிழர் நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் போன வாரம் எடுத்துவிட்டேன்."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் சின்னது. 'ஐயா, அது விளையாட்டு' என்று சொல்ல மூன்று சொல் போதும். நாற்காலியின் கைப்பிடியைத் தடவினேன். நல்ல பிரம்பு.

"நன்றி ஐயா" என்றேன்.

இறங்கி வரும் வழி, தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலைக்குள்ளால் போகிறது. நடு மத்தியானம். பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேட்டில் நின்ற கங்காணி மாடசாமி குடையை விரிக்காமல் கோட்டுக் காலரில் பின்பக்கம் மாட்டியிருந்தார். பங்களாவிலிருந்து பார்த்தால் தெரியும் இடம் அது, துரை கண்ணெதிரே குடை விரிப்பது மரியாதைக் குறைவு.

பாதையோர நிரையில் நின்ற நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள்.

"ஐயையோ, யாரு பெத்த புள்ளையோ! தலையில ஒண்ணுமில்லாம வர்றீங்களே தம்பி?"

"பழக்கந்தான்கா" என்றேன். சொல்லும்போதே கண் இருட்டியது. பாதையோரம் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் தன் இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து, சுரைக்குடுக்கைத் தண்ணீரில் நனைத்து, கேட்காமல் கொள்ளாமல் என் தலையில் போட்டாள். அது அவள் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர்.

"அங்கம்மா, கை நிக்குது!" என்று மேட்டிலிருந்து மாடசாமி குரல் கொடுத்தார்.

"நிக்கட்டும் கங்காணியாரே. நம்ம தோலுதான் வேகாதாமே, பொழுதுக்கும் கெடந்து பறிக்கலாம்."

அடுத்த நிரையில் சிரிப்பு எழுந்தது. அங்கே இளம்பெண் ஒருத்தி திரும்பி நின்றாள். கழுத்துக்கும் முதுகுக் கூடைக்கும் நடுவே, வெயிலில் கொப்பளித்த இடத்தில் கூடை உரசித் தோல் பிய்ந்து சதை தெரிந்தது.

"எனக்கு மட்டும் தமிழ்த் தோலு இல்ல போலருக்கு அக்கா" என்றாள் அவள். "எங்க ஆத்தா எவகிட்டயோ மாத்தி வாங்கிட்டா."

"பேசாம இரு கருப்பம்மா, ஈ மொய்க்குது." அங்கம்மா என் பக்கம் திரும்பினாள். "யாரோ ஒரு படிச்ச தமிழாளு காயிதத்துல எழுதிக் குடுத்துட்டாராம் தம்பி. காலம்பர ஆளு கணக்கெடுக்கற பெரட்டுல எல்லார் முன்னாலயும் தொரை படிச்சுக் காட்டுனாரு. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு மணி நேரம்."

"சிதம்பரநாதனாம்" என்று மாடசாமி இறங்கி வந்தார். "பதுளைக்காரந்தானாம். தம்பிக்கு எந்தூரு?"

"பதுளை."

"அப்ப தெரிஞ்சிருக்குமே! உங்க பேரு என்னங்க?"

"வடிவேல்" என்றேன்.

அது எங்கள் கடையில் மூட்டை தூக்குகிறவரின் பெயர். அந்த வேளையில் அவர் பெயரைத்தான் என் வாய் எடுத்துக்கொடுத்தது.

"அவரப் பாத்தா சொல்லுங்க வடிவேலு தம்பி" என்றாள் அங்கம்மா. "ஒரு நா மத்தியானம் எங்க நெரையில வந்து நிக்கட்டும். நான் ஒண்ணும் திட்ட மாட்டேன். சும்மா நிக்கட்டும்."

துணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "இன்னும் நாலு மைலு இருக்கு, போட்டுக்கிட்டுப் போங்க" என்றாள். அவள் பார்வை மறைந்ததும் அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கடைவீதி வழியாக அதைப் போட்டுக்கொண்டு போக எனக்குத் தைரியமில்லை.

மறுநாள் என் மூக்கும் பிடரியும் தோல் உரிந்தன. பரிமளம் அக்கா தயிர்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்து என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வாலாட்டிச்சாக்கும்?"

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியையும் சொன்னேன். வடிவேலையும் சொன்னேன். அவள் தயிரைப் பூசிக்கொண்டே கேட்டாள். கருப்பம்மாவின் முதுகைச் சொன்னபோது கை நின்றது.

"போய்ச் சொல்லுடா."

"துரை நாற்காலி போட்டு உட்கார வெச்சாருக்கா. போய்ப் பொய்யின்னு சொல்றதா?"

"ஒனக்கு மூக்கு எரியல. அந்த நாற்காலிதான் எரியுது" என்றாள்.

நாலு நாள் கழித்துப் போனேன். அங்கம்மாவின் துணியை அக்கா துவைத்து மடித்துக் கொடுத்திருந்தாள். இந்தத் தடவை வராந்தாவில் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டேன்.

"ஐயா, நான் எழுதியது விளையாட்டு. எல்லார் தோலும் வேகும். இதோ என் தோல்" என்று பிடரியைக் காட்டினேன்.

துரை எழுந்து வந்து, ஒரு வைத்தியரைப் போல நிதானமாகப் பார்த்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து கடைசிப் பத்தியில் விரல் வைத்தார்.

"கடை நிழலில் வளர்கிற தமிழனுக்கு மட்டும் இந்தச் சிறப்பு மங்கிவிடும்" என்று படித்தார். "நீங்கள் கடைக்காரர் மகன்தானே? எவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள்! வெட்கப்படாதீர்கள்."

அந்த வரியை எழுதிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை மறுக்க ஊரில் வேறு ஆள் கிடைக்காமல் நானே முன்கூட்டி எழுதி மறுத்து வைத்திருந்தேன்.

திரும்பத்தான் இருந்தேன். மேசை மேல் ஒரு தட்டில் கொழுந்து இருந்தது. சிவந்து, வதங்கி, ஓரம் கருகியிருந்தது.

"தேயிலை அரைக்கிற ஸ்டோரிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள்" என்றார் துரை, முகம் மாறி. "பத்து நாளாக மத்தியானக் கொழுந்து இப்படித்தான் வருகிறது. காரணம் தெரியவில்லை."

கூடையை முதுகில் சுமந்துகொண்டு உச்சி வெயிலில் நின்றால் கொழுந்து என்ன ஆகும் என்பது கருப்பம்மாவைப் பார்த்தவனுக்குத் தெரியும். நான் முகத்தை இறுக்கிக்கொண்டேன். இந்தத் தடவையும் ஒரு சிரிப்புக்கூடத் தெரியவில்லை.

"ஐயா, கொழுந்து தமிழனல்ல" என்றேன். "அதன் தோல் வேகும்."

துரை தட்டிலிருந்து ஒரு கொழுந்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"உண்மை" என்றார்.

உடனே ஆள் ஓடினான். அன்றிலிருந்து பன்னிரண்டு முதல் ஒரு மணி வரை கூடைகள் நிழலில் இருக்க வேண்டும். கூடைக்குக் காவலாக, அதைச் சுமந்தவள் பக்கத்தில் இருக்கலாம். துரை பென்சிலை எடுத்து, என் கட்டுரைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'கொழுந்துக்குப் பொருந்தாது.' மேலே கட்டுரை அப்படியே இருந்தது. இன்றும் ஏதாவது ஒரு அலமாரியில் அது அப்படியே இருக்கக்கூடும்.

இறங்கி வந்தபோது அவர்கள் மரத்தடியில் இருந்தார்கள். நிழலின் நடுவில் கூடைகள் வரிசையாக இருந்தன. பெண்கள் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்கு நிழல் முழங்கால் வரைதான் எட்டியது. கருப்பம்மா குப்புறப் படுத்திருந்தாள். யாரோ அவள் முதுகில் இலை ஒன்றை வைத்திருந்தார்கள்.

"வாங்க வடிவேலு தம்பி!" என்றாள் அங்கம்மா, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "கெடச்சிருச்சு. கொழுந்துக்காகத்தானாம். நாங்களும் கூட ஒட்டிக்கிட்டோம்."

மடித்த துணியை நீட்டினேன்.

"அது கெடக்கட்டும். அந்தப் படிச்சவரப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்னா சொன்னாரு?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாடசாமி வெற்றிலையை மடித்தபடி பார்த்தார்.

"ஒண்ணும் சொல்லலக்கா. மூக்குத் தோலு உரிஞ்சு போயிருந்துச்சு."

அங்கம்மா ரொட்டியை மெல்வதை நிறுத்தினாள். என் மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்ட மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தாள்.

"துணிய நீங்களே வெச்சுக்கங்க" என்றாள். "வெயிலு இன்னும் எறங்கல."

தோட்ட எல்லையில், பாறையிலிருந்து தண்ணீர் கொட்டும் பீலி ஒன்று இருக்கிறது. அங்கே நின்று மேலும் கீழும் பார்த்தேன். பாதையில் யாரும் இல்லை. துணியை உதறித் தண்ணீரில் நனைத்தேன். தலையில் போட்டுக் காதுகளை மூடி, மோவாய்க்குக் கீழே முடிந்துகொண்டு, பதுளைக்கு நடந்தேன்.