புள்ளிக்கோடு

செங்கிஸ்கானின் வாரிசுகள் அத்தனை பேரும் வரவேற்பறைத் தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் கிடந்தபடியால் ரஞ்சினிக்குக் குசினிக்குப் போக வழியில்லை. மூத்தவன் கவிஷன் சுவருக்கு ஒட்டும் கடதாசிச் சுருளொன்றைப் பின்பக்கமாக விரித்து, மூலைகளுக்கு மாப் பையையும் சீனிப் பையையும் பாரம் வைத்து, முழங்காலில் நின்று வம்சப் படம் கீறிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடத்துக்கு ரெஃபராட். வகுப்புக்கு முன்னால் நின்று ஒரு பாடநேரம் முழுக்கப் பேசவேண்டும். மற்றப் பிள்ளைகள் பிஸ்மார்க்கையும் பேர்லின் சுவரையும் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க, இவன் எங்கேயோ குதிரையில் போய்க்கொண்டிருந்த மங்கோலியரைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தான். ரஞ்சினி சேலையைத் தூக்கிப் பிடித்து, எந்தக் கானின் தலையிலும் மிதிக்காமல் எட்டிக் கடந்து போய் லீக்ஸ் வெட்ட உட்கார்ந்தாள்.

காலை வேலை முடிந்து இரண்டு மணிக்குக் கணவர் கதிர்காமநாதன் வந்தார். ஜெர்மனியில், பீலெஃபெல்டுக்கு வெளியே, சமையலறை அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் அவருக்குப் பதினாறு வருட வேலை. தலையில் மரத்தூள் எப்போதும் நரை மாதிரி இருக்கும். அந்தப் பெப்ரவரியில் தூள் எது நரை எது என்று சொல்ல முடியாமல் இருந்தது. வயிற்றுக்குள் வாய்வு என்று சொல்லிக்கொண்டு இஞ்சி அவித்த தண்ணீரைக் கையில் வைத்தபடி சோபாவில் சாய்ந்து, மகன் கீறுவதைப் பார்த்தார். ஒவ்வொரு கானையும் காட்டி, அவன் எப்படிச் செத்தான் என்று கேட்பதில்தான் அவருக்கு ருசி. ஒகெதேய் குடித்துக் குடித்துச் செத்தான். அவன் மனைவி ஐந்து வருடம் தானே ஆட்சியைப் பிடித்து வைத்திருந்து, எல்லாரையும் பகைத்து, மகன் குயுக்கைக் கானாக்கினாள். அவன் இரண்டு வருடத்தில் போய்விட்டான். பிறகு மோங்கே. மோங்கே செத்ததும் தம்பிமார் குப்லாயும் அரிக் போகேயும் வருடக்கணக்காக அடிபட்டார்கள்.

"அப்ப இவங்கள் எங்கட ஆக்கள்தான்" என்றார் கதிர்காமநாதன்.

இளையவன் நிரூபன் கதிரைக்குப் பின்னாலிருந்து சிரித்தான். அவனுக்குப் பதினாலு வயது. அப்பா என்ன சொன்னாலும் சிரிப்பான்.

"இதில மட்டும் ஏன் கோடு புள்ளி புள்ளியாக் கிடக்குது?" கதிர்காமநாதன் இஞ்சித்தண்ணீர்க் கோப்பையால் காட்டினார். செங்கிஸ்கானிலிருந்து இறங்கிய நான்கு கோடுகளில் மூன்று தடிப்பாக இருந்தன. முதலாவது, ஜோச்சி என்று எழுதியிருந்த பெட்டிக்குப் போனது, மட்டும் எறும்பு ஊர்ந்தது போல இருந்தது.

"அது சந்தேகம் அப்பா. செங்கிஸ்கான் சின்னப் பெடியனா இருக்கேக்க மெர்கித் எண்டொரு கூட்டம் வந்து அவற்ற மனிசியைத் தூக்கிக்கொண்டு போட்டுது. கன மாதம் கழிச்சுத்தான் மீட்டவர். வந்து கொஞ்ச நாளில இவன் பிறந்தவன். ஆற்ற பிள்ளை எண்டு தெரியாது. தெரியாட்டிப் புள்ளிக்கோடுதான் போடுறது."

குசினியில் கத்தி நின்றது. ரஞ்சினி வெட்டிய லீக்ஸைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஆருக்குச் சந்தேகம்?" என்று கேட்டார் கதிர்காமநாதன்.

"எல்லாருக்கும். ரெண்டாவது மகன் சகதாய், சபையில தேப்பனுக்கு முன்னாலயே கேட்டவன், மெர்கித்துக்குப் பிறந்தவனுக்குக் கீழ நாங்கள் இருக்கிறதோ எண்டு. அதால ரெண்டு பேரையும் விட்டிட்டு மூண்டாவது ஆளைக் கானாக்கினவை."

"மூத்தவன் என்ன செய்தவன்?"

"ஓமெண்டு சொல்லிப்போட்டுத் தூரத்தில போய் இருந்திட்டான். தேப்பனுக்கு முன்னமே செத்தும் போனான்."

"நான் கேட்டது, தேப்பனுக்குச் சந்தேகம் இருந்ததோ எண்டு."

கவிஷன் புத்தகத்தைப் புரட்டினான். "இல்லை. ஜோச்சிதான் என்ர மூத்தவன், இனி ஒருத்தரும் இப்பிடிக் கதைக்கக்கூடாது எண்டு சொன்னவர்."

"பிறகென்ன? தேப்பன் சொல்லிப்போட்டான். மற்றவைக்கு இதில என்ன கதை?"

கதிர்காமநாதன் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். ஒரு கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டு முழங்காலில் குந்தி, மகனின் கையிலிருந்த கறுப்புப் பேனையை வாங்கினார். ஒவ்வொரு புள்ளியாக இணைத்து, போதாது என்று இன்னொரு தரம் அதன் மேலேயே இழுத்து, மற்ற மூன்றையும் விடத் தடிப்பான கோடாக்கிவிட்டுத்தான் எழும்பினார். டீச்சர் பிழை போடுவா என்று கவிஷன் முறைப்பட்டான். போடட்டும் என்றார். அவர் குசினிப் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை. அதற்காக ரஞ்சினி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள்.

டீச்சர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் சிவப்பால் "ஆதாரம்?" என்று எழுதி அனுப்பினாள். கவிஷன் அதை அப்படியே தன் கட்டிலுக்கு மேல் சுவரில் ஒட்டிக்கொண்டான்.

எண்பத்தேழாம் ஆண்டு ஆவணியில் அவர்களுக்குக் கலியாணம். ஐப்பசியில் கதிர்காமநாதன் பயண அலுவலாகக் கொழும்புக்குப் போன ஒரு கிழமைக்குள் ஊரில் இந்தியன் ஆமியோடு சண்டை தொடங்கிவிட்டது. ஆமி வீட்டுக்குள் வந்தபோது அவளும், படுக்கையில் கிடந்த மாமியும், அவருடைய தம்பி விஜயரத்தினமும்தான் இருந்தார்கள். விஜயரத்தினத்துக்கு அப்போது பதினேழு வயது. அவனை முற்றத்துப் பலா மரத்தில் கட்டினார்கள். அவளை உள்ளே கொண்டுபோனார்கள். அதற்கு மேல் ரஞ்சினி தனக்குத்தானேகூட அதைச் சொன்னதில்லை. பாதை திறந்து கதிர்காமநாதன் வந்து சேர மூன்று கிழமை ஆனது. அவள் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாளியை எடுத்துத் தண்ணீர் அள்ளி அவள் தலையில் ஊற்றினார், அவள் போதும் என்று சொல்லும்வரை ஊற்றினார். ஆடியில் கவிஷன் பிறந்தான். கணக்குப் பார்த்தால் இப்படியும் வரும், அப்படியும் வரும். அவர் பிள்ளையைத் தூக்கி, என்ர மூத்தவன் என்றார். வேறு பேச்சு இல்லை.

வாய்வு வாய்வாக இருக்கவில்லை. ஏப்ரலில் கணையம் என்றார்கள், மே மாதம் ஏலாது என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் தோல் மஞ்சளாகி, கண்ணும் மஞ்சளாகி, கடைசியில் பேச்சும் குறைந்தது. வெளியே ஜூன் மாதம். உலகக் கிண்ணம் என்று ஜெர்மன்காரர் காருக்குக் கார் கொடி கட்டி ஊதிக்கொண்டு திரிந்தார்கள். யன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு அவர் ரஞ்சினியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மூத்தவன்தான் கொள்ளி வைக்கோணும். என்ர தம்பி ஏதும் கதைப்பான். விடாதையும்."

"விடமாட்டன்" என்று அவள் அவருடைய கையைப் பிடித்துச் சொன்னாள்.

அவர்கள் பக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்குக் கடைசி மகன் என்பது வழக்கம். கொள்ளி வைப்பவன் மட்டும் தலை வழிப்பான். ஜெர்மனியில் சுடலை இல்லை, மண்டபம்தான். கொள்ளிக்குடத்தோடு பெட்டியைச் சுற்றி வந்து, பெட்டி உள்ளே போக ஒரு பொத்தானை அமத்துவதுதான் நெருப்பு. என்றாலும் எவன் அமத்துகிறான் என்பதைச் சனம் பார்த்துக்கொண்டு நிற்கும்.

பிராங்பேர்ட்டிலிருந்து விஜயரத்தினம் செத்தவீட்டுக்கு முதல்நாள் மத்தியானமே வந்துவிட்டான். பெட்டி, மாலை, ஹம் நகர்க் கோயில் ஐயர், சனத்துக்குச் சாப்பாடு என்று ஓடி ஓடிச் செய்தான். அண்ணனின் சட்டை ஒன்றை மடித்து மடியில் வைத்துக்கொண்டு குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். பின்னேரம் பல்கனியில் உடுப்புக் காய்ந்துகொண்டிருக்க, கதவைச் சாத்திவிட்டு அவளிடம் வந்தான்.

"மச்சாள், கோவிக்காதேங்கோ. நாளைக்குச் சின்னவன் செய்யட்டும்."

"அவர் மூத்தவன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

"அண்ணைக்கு உங்களில உயிர். அவர் அப்பிடித்தான் சொல்லுவார்." அவன் அவளைப் பார்க்காமல் கொடியில் தொங்கிய துவாயைப் பார்த்தான். "நான் அண்டைக்கு அந்த மரத்தில கட்டுப்பட்டு நிண்டனான் மச்சாள். எல்லாம் கேட்டனான். இவ்வளவு காலமும் வாய் திறந்தனானோ? ஆனா என்ர அண்ணைக்கு அவங்கட ரத்தம் கொள்ளி வைக்கிறதை என்னால பாத்துக்கொண்டு நிக்க ஏலாது. ஐயர் கூப்பிடேக்க மூத்தவன் எழும்பினா, நான் சனத்துக்கு முன்னால சொல்லிப்போடுவன். பிறகு என்னைக் குறை சொல்லாதேங்கோ."

கீழே ஒரு கார் ஊதிக்கொண்டு போனது. விடாதையும் என்று கதிர்காமநாதன் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் மண்டபம் நிறையச் சனம் இருக்க, தகப்பன் பெட்டிக்குள் கிடக்க, அந்தச் சொல் கவிஷனின் காதில் விழுவதை நினைத்ததும் அவளுடைய முதுகு தானாக வளைந்தது. அவன் அறியக்கூடாது. அது ஒன்றுக்காக எதையும் கொடுக்கலாம், வாக்கைக்கூடக் கொடுக்கலாம் என்று நினைத்தாள்.

"சரி" என்றாள்.

கவிஷனுக்கு அவன் அறையில் வைத்துச் சொன்னாள். குறிப்பில் ஏதோ தோஷமாம், இந்த வருடம் நீ நெருப்புத் தொடக்கூடாதாம், தம்பி செய்யட்டுமாம். கட்டிலில் அவனுடைய புது வேட்டி விரித்துக் கிடந்தது. எப்படிக் கட்டுவதென்று பழகிப் பார்த்திருக்கவேண்டும், கரை கசங்கியிருந்தது. அவன் வேட்டியைப் பார்த்தான். பிறகு சுவரில் கிடந்த கடதாசியைப் பார்த்தான், கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தான்.

"சரி அம்மா" என்றான். அவளுடைய அதே சொல்.

காலையில் விஜயரத்தினம் நிரூபனைக் குளியலறைக்குள் கூட்டிப்போய், மின்சார மெஷினால் தலையை வழித்துவிட்டு, கார் எடுக்கக் கீழே இறங்கினான். ரஞ்சினி குளிக்கப் போனபோது கதவு பாதி திறந்திருந்தது. வெள்ளைத் தொட்டிக்குள் சின்னவனின் தலைமயிர் கறுப்பாகப் பரவிக் கிடந்தது. தொட்டியின் விளிம்பில் கவிஷன் இருந்தான். மெஷின் அவன் மடியில் கிடந்தது.

"தோஷம் எண்டது பொய்தானே அம்மா."

அவள் உள்ளே வந்தாள்.

"சித்தப்பாவுக்கு என்னில கோவமில்லை. காலமை எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தவர். ஆனா என்ர முகத்தைப் பாக்கிறாரில்லை. ராத்திரி முழுக்க நான் அந்தக் கோட்டைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்." அவனுடைய குரல் நடுங்கவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "அப்பா அண்டைக்கு ஏன் அதை நிரப்பினவர்?"

பதினெட்டு வருடம் பூட்டி வைத்தது. இப்போது பூட்டவும் இடமில்லை, ஓடவும் இடமில்லை. அவள் அவனுக்கு முன்னால் ஈர நிலத்தில் அப்படியே இருந்துவிட்டாள்.

"ஆமி வந்தவங்கள்" என்றாள். "அப்பா கொழும்பில. எனக்குத் தெரியாதடா. கடவுளாணை, எனக்கே தெரியாது."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"எல்லாம் தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை. உன்னைத் தூக்கின நேரமே என்ர மூத்தவன் எண்டவர். ஆஸ்பத்திரியிலயும் நீதான் செய்யோணும் எண்டுதான் சொன்னவர். நான்தான் பயந்துபோய்ச் சித்தப்பாவுக்கு ஓமெண்டனான். நான்தான்."

கவிஷன் தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பினான். அழுதானா என்று அவளுக்குத் தெரியவில்லை, அவள் கண்ணே மறைத்துக்கொண்டிருந்தது. கூடத்தில் நிரூபன் மொட்டைத் தலையோடு, சால்வையைத் தோளில் பிடித்தபடி நின்றான். எவ்வளவு கேட்டான் என்று முகத்தில் தெரியவில்லை; அவன் சிரிக்கவில்லை. கீழே அழைப்பு மணி அடித்தது. சுவரில் இருந்த பேசும் பெட்டிக்குள்ளால் விஜயரத்தினத்தின் குரல் வந்தது.

"மச்சாள், வாங்கோ. மண்டபம் ஒரு மணித்தியாலம்தான் தந்தவங்கள். பிறகு வேற செத்தவீடு."

கவிஷன் மெஷினை அவளிடம் நீட்டினான்.

"எனக்கும் வெட்டுங்கோ அம்மா."

அவள் அதை வாங்கினாள். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவன் தொட்டிக்கு மேல் குனிந்தான். பிறந்த அன்று ஈரமாக ஒட்டிக் கிடந்த அதே சுழி, பிடரிக்கு மேலே. மெஷின் இரைந்தது. நெற்றியிலிருந்து பின்னால் ஒரு கோடு இழுத்தாள், பக்கத்தில் இன்னொன்று. மணி மறுபடியும் அடித்தது, இந்த முறை விடாமல். தலைமயிர் கொத்துக் கொத்தாக விழுந்து, கீழே கிடந்ததன் மேல் கிடந்தது. இரண்டும் ஒரே கறுப்பு. எது சின்னவனுடையது, எது மூத்தவனுடையது என்று பிரித்துச் சொல்ல அந்தத் தொட்டிக்குள் ஒன்றும் இல்லை.