ஜட்ஜையா பள்ளிக்கூடம் போன கதை

டாக்டரம்மா மிருக வைத்தியம் படித்ததற்குக் காரணம் ஒன்றுதான்: நோயாளிகள் பேச மாட்டார்கள். அவரும் பேச மாட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அவருடைய அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். டாக்டரம்மா நடத்திய பறவை மருத்துவமனையின் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டதும் அந்த அக்காதான்.

இறக்கை முறிந்து வந்து சேர்ந்த வல்லூறு, புறாவைவிடச் சின்னது. ஆனால் பார்வை மட்டும் வழக்கைத் தள்ளுபடி செய்கிற பார்வை. அதனால் ஜட்ஜையா என்று பெயர் விழுந்தது. எலும்பு கூடியது, கோணலாக. வேட்டைக்கு அந்த இறக்கை உதவாது. வெளியே விட்டால் பட்டினிதான். சும்மா உட்கார்ந்து தின்பதற்குப் பதில் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பாடம் எடுக்கட்டும் என்று அக்கா முடிவு செய்தாள். ஜட்ஜையா டாக்டரம்மா கையில் மட்டும்தான் உட்காரும். ஆகவே தீர்ப்பு இருவருக்கும் சேர்ந்தே வந்தது.

முதல் பள்ளியில் மண்டபம் நிறையப் பிள்ளைகள். தலைமையாசிரியர் நீண்ட வரவேற்புரையோடு தயாராக நின்றார். தோல் கையுறை மேல் பறவையோடு மேடையேறிய டாக்டரம்மாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த அமைதியில் ஜட்ஜையா கழுத்தை இரண்டு முறை நீட்டி, கட்டைவிரல் பருமனில் ஒரு சாம்பல் உருண்டையை வரவேற்புரைக் காகிதத்தின் மேல் கக்கியது.

முன்வரிசைச் சிறுமி எழுந்தாள். "அதுக்கு உடம்பு சரியில்லையா?"

நோயைப் பற்றிய கேள்வி. டாக்டரம்மாவுக்குப் பதில் தானாக வந்தது.

"நல்லாத்தான் இருக்கு. செரிக்காததை இப்படித் துப்பிடும்."

பேனா முனையால் உருண்டையைப் பிரித்தார். எலியின் மயிர், ஒரு பல், வண்டின் ஓடு. பிள்ளைகள் மேடையைச் சூழ்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. தலைமையாசிரியர் தன் காகிதத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

"இறக்கை எப்படி ஒடிஞ்சது?" என்றாள் அதே சிறுமி.

"கண்ணாடி ஜன்னல்ல மோதிடுச்சு. அதுல தெரிஞ்சதை வானம்னு நம்பிப் போயிருக்கு."

பிள்ளைகள் எல்லாரும் திரும்பி மண்டபத்து ஜன்னல்களைப் பார்த்தார்கள். ஜட்ஜையா இறகைக் கோதிக்கொண்டது.

மறுவாரம் தலைமையாசிரியர் போன் செய்தார். பிள்ளைகள் ஜன்னல் முழுக்கக் காகிதப் பட்டை ஒட்டிவிட்டார்களாம், பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருக்கிறதாம். அக்கா வருத்தம் தெரிவித்தாள். வேண்டாம் என்றார் அவர். இன்னும் இரண்டு ஜன்னல் பாக்கி, உயரமான ஏணி கிடைக்குமா என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம்.